ஆற்றுத் தங்கம்

சோதனை முடிந்து மீந்த கல்பொடியைத் தட்டில் நீர்விட்டு அலசிய நிலவியலாளர் சைக்கால், அடியில் தங்கிய பொன்துகள்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். எல்லாமே வழுவழுவென்று உருண்டிருந்தன. பாறையில் இருக்கும் பொன் முள்முள்ளாக இருக்கும். ஆற்றில் நெடுங்காலம் உருண்டதுதான் இப்படி ஆகும். யாரோ பொடியில் ஆற்றுத் தங்கத்தைக் கலந்திருக்கிறார்கள்.

மலையைத் துளைத்தெடுத்த கல்லை வைத்து, உள்ளே எவ்வளவு தங்கம், அதன் மதிப்பென்ன என்று முதலீட்டாளர்களுக்குக் கையெழுத்திட்டுத் தருவது அவள் வேலை. முப்பது டன் என்று அறிக்கை தயாராக இருந்தது. மதியம் அல்மாட்டி நகரத்திலிருந்து அவர்கள் வருகிறார்கள்.

"வேலை முடிஞ்சும் தண்ணியில என்னம்மா விளையாட்டு?"

சுரங்க முகாமின் தலைவர் கெரிம்குல் வாசலில் நின்றிருந்தார்.

"சும்மா சரிபார்த்தேண்ணே."

அவர் தட்டை வாங்கி, வெகுநேரம் பார்த்துவிட்டு, வெளியே கொட்டினார்.

"உனக்கு முன்னாடி இருந்தவனும் இப்படித்தான் சரிபார்த்தான். கணவாயில அவன் வண்டி உருண்டுச்சு. ரோடு மோசம்மா." சிரித்தார். "உன் பொண்ணு பிஷ்கெக்ல எந்தப் பள்ளிக்கூடம்னு எனக்குத் தெரியும். கையெழுத்தப் போட்டுட்டுச் சாப்பிட வா."

அவள் போட்டாள். பேனா இரண்டு முறை வழுக்கியது.

மதியம் கூடாரத்தில் கெரிம்குல் விருந்தினருக்கு ஆட்டுக்கறி அரிந்துகொண்டிருந்தார். வந்தவர்களில் மூத்தவர் ரைஹான் என்ற அம்மாள். அறிக்கையைப் புரட்டியவர் சைக்காலிடம் கேட்டார்:

"எண்ணெல்லாம் இருக்கட்டும். உன் காசா இருந்தா இதுல போடுவியா?"

சொல்ல வேண்டிய பொய் நாக்கு வரை வந்தது.

"போட மாட்டேன்க்கா."

கறி அரிந்த கத்தி நின்றது.

"பொடியில ஆத்துத் தங்கம் கலந்திருக்கு. பாதிக் கல்லைத்தான் அரைச்சோம். மீதி பெட்டியில அப்படியே இருக்கு. எடுத்துட்டுப் போய் வேற எடத்துல சோதிங்க. என்னையும் கூட்டிட்டுப் போயிடுங்க."

"அவளுக்கு மலைக்காத்து ஒத்துக்கல" என்றார் கெரிம்குல், அவளைப் பார்க்காமலே.

ரைஹான் எழுந்தார். "பெட்டியெல்லாம் வண்டியில ஏத்துங்க. நீ என் பக்கத்துல உக்காரு."

கணவாய் வரை ஒரு சாம்பல் நிற ஜீப் பின்னாலேயே வந்தது. முந்தவும் இல்லை, விலகவும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் சைக்கால் கதவுப் பிடியை இறுக்கினாள். காவல் சாவடி தெரிந்ததும் அது திரும்பிப்போனது. போனில் சிக்னல் கிடைத்த உடனே தங்கையை அழைத்தாள்.

"எதுவும் கேக்காத. இப்பவே பள்ளிக்கூடம் போய்ப் பிள்ளையக் கூட்டிட்டு வந்துடு."

மூன்று வாரத்தில் சோதனை முடிவு வந்தது. அந்தக் கல்லில் சொல்லிக்கொள்ளும்படி தங்கமே இல்லை. முதலீட்டாளர்கள் விலகினார்கள், முகாம் மூடப்பட்டது. சைக்கால் மகளோடு ஓஷ் நகரத்துக்குக் குடிபோனாள். விலாசத்தை யாருக்கும் தரவில்லை.

போலீஸ் தேடும் கெரிம்குல் இன்னும் பிடிபடவில்லை.