நூற்று நான்கு ரப்பர் வளையங்கள்

பட்டாளத்திலிருந்து லீவில் வந்த மூன்றாம் நாள், காலை பதினொன்றரை மணிக்கு, என் வீட்டுக்காரர் முத்துப்பாண்டி என் அறைக்குள் வந்து கீபோர்டின் ஒயரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கினார். முன்னதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரோ ஒருவருடைய சிறுநீரகக் கல் ஆபரேஷனுக்கான இன்சூரன்ஸ் படிவத்தில் நான் பாதியில் இருந்தேன். என் விரல்கள் இன்னும் நாலைந்து எழுத்து அடித்துவிட்டுத்தான் நின்றன. அவர் ஒயரைச் சுருட்டி மேஜை மேல் வைத்தார், பட்டாளத்தில் கயிறு சுருட்டி வைப்பதைப்போல ஒழுங்காக.

"எம்புட்டு நேரம்டி இந்த டக்கு டக்கு. மனுசன் செத்த நேரம் கண்ணசர வேண்டாமா?"

கூடத்தில் மாமா, இவருடைய அப்பா, டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். போலீசில் சங்கையா ஏட்டாக இருந்து அவர் ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆகிறது. காது மந்தம், அதனால் எங்கள் வீட்டுச் செய்தி மம்சாபுரத்தில் நாலு வீட்டுக்குக் கேட்கும். எதிர்வீட்டில் டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார்கள். முத்துப்பாண்டியின் கையிலேயே போன் ஓடிக்கொண்டிருந்தது, எவனோ ஒருவன் காரைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தான். அத்தனைக்கும் நடுவில் இவருடைய தூக்கத்தைக் கெடுத்தது என் பத்து விரல்.

அப்போது நான் சண்டை போடவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. "சரி, ஏதாச்சும் பண்ணுதேன்" என்றுதான் சொன்னேன்.

மதுரையில் உள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரிகளில் கையால் எழுதிய படிவங்களை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள், அதைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். முதல் இரண்டு வருஷம் சாதாரண கீபோர்டில் அடித்தேன். சாயங்காலமானால் தோசைக்கரண்டியைப் பிடிக்க முடியாதபடி விரல் கணுக்கள் வலிக்கும். பிறகுதான் ராஜபாளையத்தில் ஆபித் அண்ணன் கடையில் இந்த மெக்கானிக்கல் கீபோர்டைப் பழையதாக வாங்கினேன். ஒவ்வொரு விசையும் தனித்தனியாக அழுந்தி, எழுத்து விழுந்த இடத்தில் ஒரு சொடுக்குச் சொடுக்கும். அழுந்தியதா இல்லையா என்று திரையைப் பார்க்க வேண்டாம், விரலுக்கே தெரியும். வலி போயிற்று, பிழையும் குறைந்தது. முப்பத்திரண்டு பேர் இருக்கும் எங்கள் டீமில் எட்டு மாதமாக நான்தான் குறைந்த பிழைக்காரி.

அதனால்தான் எங்கள் டீமைப் பார்க்கும் ஷெரின் மேடம் என் பெயரை எழுதியனுப்பினார். மதுரை ஆபீசில் மூன்று மாதம் இருந்து புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், தங்க ஹாஸ்டல் உண்டு, அது முடிந்தால் டீம் லீடர். முடிவு இந்த வாரம் தெரியும், அடுத்த வாரம் தெரியும் என்று நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்த நாட்கள் அவை. இவரிடம் முன்பே போனில் சொல்லியிருந்தேன். "பாப்போம்" என்றார். மூன்று மாதமும் இவர் அஸ்ஸாமில்தான் இருப்பார், லீவு முடிந்த பிறகுதான் பயிற்சி தொடங்குகிறது என்பதையும் சொல்லியிருந்தேன். அதற்கும் "பாப்போம்" என்றுதான் சொன்னார்.

சனிக்கிழமை பஞ்சு மார்க்கெட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, துணிப்பையில் கீபோர்டோடு ஆபித் அண்ணன் கடைக்குப் போனேன். ஒரு பிரிண்டரின் வயிற்றைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, ரிப்பேரா?"

"ரிப்பேரெல்லாம் இல்லண்ணே. சத்தம் கேக்கக்கூடாது."

"இந்தச் சத்தத்துக்குத்தானம்மா ஆளாளுக்கு இதத் தேடி வாராக."

"எங்க வீட்ல அப்படி இல்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு விசையின் மூடியைக் கழற்றிக் காட்டினார். சத்தம் இரண்டு வகை என்றார். விசை கீழே போய் இடிக்கிற சத்தம் ஒன்று. மூடிக்கு உள்ளே சின்ன ரப்பர் வளையம் மாட்டினால் அது அடங்கும். இன்னொன்று ஸ்விட்சுக்குள்ளேயே பிறக்கிற சொடுக்கு. என்ன வைத்து அடைத்தாலும் அது போகாது, ஸ்விட்சையே மாற்ற வேண்டும்.

"புதுசு வாங்குனா கீபோர்டு வெலைய விடக் கூட ஆவும். ஒடைஞ்சுபோன போர்டுல கழத்துன செவப்பு ஸ்விட்சு ஒரு டப்பா கெடக்கு, அறுபது தேறும். இது புடுங்கி மாட்டுற மாடல்தான், நீங்களே மாட்டிக்கிடலாம். ஆனா சொடுக்கு இருக்காதும்மா. விரலுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா வழுக்கிக்கிட்டுப் போவும்."

"பரவால்லண்ணே."

"பரவால்லன்னா சரி" என்று டப்பாவைத் தந்தார். ஒரு பாட்டில் மூடியில் கொஞ்சம் கிரீஸும் வைத்துக் கொடுத்தார். ஸ்பேஸ் பாருக்கு அடியில் ஒரு கம்பி இருக்கிறது, அதுதான் கலகலவென்று ஆடும், அதற்குப் போட. வளையம் அவரிடம் இல்லை. மருந்தடிக்கிற பம்பு பழுது பார்க்கும் கடையில் கேட்கச் சொன்னார். அந்தக் கடைக்காரர் "எத்தனை ஏக்கரும்மா?" என்றார். மூடியைக் காட்டி அளவு பார்த்து நூற்று நான்கு வளையம் எண்ணி வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். நூற்று நான்கு மூடியையும் கழற்றினேன். கீபோர்டின் அடிப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே வெறும் காலியிடம், செண்டை மேளம் மாதிரி. டி.வி. வந்த அட்டைப்பெட்டியிலிருந்த நுரைத்தாளை வெட்டி உள்ளே விரித்தேன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் மில்லுக்குப் போகும் பக்கத்து வீட்டு வெங்கடேஸ்வரி கொடுத்த ஒட்டுத்துணியில் நகத்தளவு நறுக்கி ஸ்பேஸ் பார் கம்பி உட்காரும் இடத்தில் ஒட்டினேன். கிரீஸைத் தீக்குச்சியால் தடவினேன். அறுபது ஸ்விட்சைப் பிடுங்கி அறுபதை மாட்டினேன். எழுத்துக்கும் எண்ணுக்கும் அது போதும், நான் தொடாத மேல்வரிசை பழையபடியே கிடக்கட்டும் என்று விட்டேன். வளையத்தை ஒவ்வொன்றாகப் பென்சில் முனையால் தள்ளித் தள்ளி உட்கார வைத்தபோது, எந்தக் கணுக்களுக்காக இந்தக் கீபோர்டை வாங்கினேனோ அதே கணுக்கள் வலிக்க ஆரம்பித்தன.

அவர் கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முடித்து, அடியில் கம்பளியை நாலாக மடித்துப் போட்டு, ஒரு வரி அடித்துக் காட்டினேன். துணி மேல் மழைத்துளி விழுவதுபோல் மெத்தென்று இருந்தது.

"இப்ப நல்லாருக்கு. இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லா?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

திங்கட்கிழமை ஒரே நாளில் ஏழு பிழை. செவ்வாய்க்கிழமை ஒன்பது. எழுத்து விழுந்ததா என்று விரலுக்குத் தெரியவில்லை, கீபோர்டுக்கும் திரைக்குமாகத் தலை ஆடிக்கொண்டே இருந்தது. பழகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை பத்து மணிக்குக் கரண்ட் போனது. கம்ப்யூட்டர் பேட்டரியில் ஓடியது, டி.வி. நின்றுவிட்டது. நான் அடித்துக்கொண்டுதான் இருந்தேன். சத்தம் இல்லாததால் நான் கொல்லைப்பக்கம் போயிருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ. மாமாவுக்குக் கேட்க வேண்டுமானால் உரக்கத்தான் பேசியாக வேண்டும்.

"அந்த மதுரை விசயம் என்னல ஆச்சு?" இது மாமா.

"அத அன்னைக்கே முடிச்சிட்டேன்ப்பா. நான் வந்த மறுநாளே அந்த மேடம் போன் போட்டாவ. இவ குளிக்கப் போயிருந்தா. வீட்ல சம்மதம் இல்ல, வரமாட்டான்னு சொல்லிட்டேன்."

"அவகிட்ட சொன்னியா?"

"எதுக்கு? கெடைக்கலன்னு நெனச்சுக்கிடுவா."

மாமா சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கால் ஒரு சின்னக் காற்று.

என் விரல்கள் நிற்கவில்லை. நோயாளி பெயர், வயது, வார்டு எண் என்று அந்தப் படிவத்தை முடித்தேன், அதில் ஒரு பிழைகூட இல்லை. பத்து நாள். பதில் வராததால், பத்து நாளாக நான் எங்கே சறுக்கினேன், எந்தப் படிவத்தில் தப்பு விட்டேன் என்று பழைய பட்டியலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நாளும் இந்த ஆள் என் கையால் மூன்று வேளை சாப்பிட்டிருக்கிறார். நான் மூடியைக் கழற்றி மாட்டியதைக் கட்டிலில் சாய்ந்து பார்த்திருக்கிறார்.

போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். இருவருக்கும் நடுவில் நின்று, ஸ்பீக்கரில் போட்டு ஷெரின் மேடத்தைக் கூப்பிட்டேன்.

"மேடம், முனீஸ்வரி பேசுதேன். ட்ரெய்னிங்குக்கு நான் வரமாட்டேன்னு உங்ககிட்ட யாரு சொன்னது?"

"உங்க ஹஸ்பண்ட்தான் பேசுனாரு. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"ஐயோ, வேற ஆளப் போட்டாச்சும்மா. வர்ற திங்கக்கிழமை சேருறாங்க."

"ஸ்பீக்கர ஆஃப் பண்ணு" என்றார் அவர். நான் போனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

"சரி மேடம். அடுத்து எப்ப எடுப்பீங்க?"

"நாலு மாசம் ஆகும். உறுதியாச் சொல்ல முடியாது."

"இன்னைக்கே நான் எழுதி அனுப்புதேன். அதுல ஒண்ணு சேத்து எழுதுவேன். இனிமே என் நம்பர்ல நான் எடுத்துப் பேசுனாத்தான் நான் பேசுனதா அர்த்தம். வேற யாரு பேசுனாலும் வச்சிருங்க."

போனை வைத்தேன். கரண்ட் வந்து டி.வி. பாதிச் செய்தியிலிருந்து உரக்கப் பேசத் தொடங்கியது. மாமா முகத்தை அதன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஊருக்குள்ள என்ன பேசுவான்? பொண்டாட்டிய மதுரையில தனியா விட்டுட்டு..." என்று இவர் தொடங்கினார்.

"நீங்க அஸ்ஸாம்ல தனியாத்தான இருக்கீங்க."

"அப்பாவுக்கு யாருட்டி கஞ்சி ஊத்துவா?"

"அத என்கிட்ட கேட்டிருக்கணும். கேட்டிருந்தா நானும் யோசிச்சிருப்பேன். நீங்க கேக்கல, என் வாயால பேசிட்டீங்க. கெடைக்கலன்னு நெனச்சுக்கிடுவாளாம். நெனச்சுக்கிட்டேன். பத்து நாளும் என்னையத்தான் திட்டிக்கிட்டேன்."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் நிற்கவில்லை. அறைக்குள் போய், ஆபித் அண்ணன் தந்த டப்பாவில் நான் போட்டு வைத்திருந்த பழைய ஸ்விட்சுகளை எடுத்து, சிவப்பு ஸ்விட்சுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒவ்வொன்றாக மாட்டினேன். வளையங்களை எல்லாம் கழற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு மெயிலை அடித்தேன். அவ்வளவு பலமாக அடிக்க வேண்டிய மெயில் இல்லை அது. அடித்தேன். யாரும் வரவில்லை.

பன்னிரண்டரை ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. நான் எழுந்திருக்கவில்லை. வழக்கமாக அந்நேரம் குழம்பு கொதித்திருக்கும். ஒன்றேகாலுக்கு மாமா கூடத்திலிருந்து, "ஏலே, சாப்பாடு?" என்றார். என்னைக் கேட்கவில்லை. அடுப்படியில் காலடிச் சத்தம் கேட்டது.

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கதவு வழியாக அடுப்படி தெரியும். அவர் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அலமாரி முன் நின்றார். ஒரு டின்னைத் திறந்து பார்த்து மூடினார். இன்னொன்றைத் திறந்து முகர்ந்தார். இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்து, நாக்கில் வைத்துப் பார்த்தார், ரவையா, அரிசிக் குருணையா என்று தெரியவில்லை போலிருக்கிறது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. கைக்கு ஒரு டின்னாகப் பிடித்தபடி நின்றார். அவருக்குப் பின்னால், மேலே பாத்திரம் ஏதுமில்லாமல், அடுப்பு நீலமாக எரிந்துகொண்டிருந்தது.