மே மாதத்துக் கோட்டு

பனிக்கால்சட்டையை எடுத்து வெளியே வைத்துவிட்டு மறுபடியும் பைக்குள் திணித்தாள் மார்லிஸ். வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டுக்காரர் சட்டையில்லாமல் புல் வெட்டிக்கொண்டிருந்தார். கட்டிலில் கிடந்த போனிலிருந்து அண்ணன் கர்ட்டிஸ் கத்தினான்.

"கிளம்பிட்டியா இல்லையா?"

"புள்ளைங்க துணிதான் எடுத்து வச்சிட்டிருக்கேன்."

"இன்னுமா? துருவத்துக்கா போற? ராலின்ஸுக்குத்தானே வர்ற!"

"மே மாசத்துல வையோமிங் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா?"

கர்ட்டிஸ் குரலை இறக்கினான். "இன்னிக்கே வரச் சொல்லுன்னு நர்ஸ் சொல்றாங்க மார்லிஸ்."

அது தெரிந்துதான் அவளுக்குக் கை ஓடவில்லை. அப்பாவின் நுரையீரலை அவளால் ஒன்றும் செய்ய முடியாது. காலுறைகளையாவது ஒழுங்காக எடுத்து வைக்கலாம். மழைக்கோட்டு, வெயில் தொப்பி, பனிபூட்ஸ், தொலைந்தால் மாற்றுவதற்கு இன்னொரு ஜோடிக் கையுறை. ஐந்து வயது டெஸ்ஸின் கோட்டு, அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்கியது. அதன் கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள். இரண்டு வயது வேட், எடுத்து வைத்ததையெல்லாம் தரையில் இறைத்தான். எல்லாம் முடிய நாற்பது நிமிஷம் கூடுதலாகிவிட்டது.

வழியில் லாரமி ஊர் வருவதற்குள் மழை பனியாகிவிட்டது. பனி கொட்டினால் சாலையை மூடும் கேட், நெடுஞ்சாலையின் குறுக்கே இறங்கியிருந்தது. சிவப்பு விளக்குகள் மினுக்கின. லாரிகள் வரிசையாக நின்றன. ஆரஞ்சு மேலங்கி போட்ட சாலைப் பணியாளர் ஒருவர் கார் ஜன்னலருகே குனிந்தார்.

"நாளைக் காலையிலதான் திறப்போம்மா. மோட்டலுக்குப் போங்க."

"எப்ப மூடினீங்க?"

"அரை மணி இருக்கும்."

"எங்கப்பா சாகக் கிடக்கிறார். ராலின்ஸ்ல. வெர்ன் ஹாஸ்கின்ஸ்."

அவர் தொப்பியைக் கழற்றினார். நரைத்த தலையில் பனி விழுந்தது. "பனி தள்ளுற வண்டி ஓட்டுன வெர்னா? எனக்கு இந்த வேலையைக் கத்துக்குடுத்ததே அவர்தாம்மா." கேட்டைத் திரும்பிப் பார்த்தார். "அவரே இங்க நின்னாலும் திறக்க மாட்டார்."

உண்மைதான். இருபத்தேழு வருஷம் அந்தக் கேட்டை இறக்கியவர் அப்பா. யாரைத் திட்டுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அவள் காரிலிருந்தே கூப்பிட்டாள். கர்ட்டிஸ் போனை அப்பாவின் காதில் வைத்தான்.

"கேட் போட்டுட்டானுங்களா?"

"ஆமாப்பா."

"சரியாத்தான் போட்டிருக்கானுங்க." மூச்சு வாங்கினார். "புள்ளைங்களுக்குக் கோட்டு?"

"எல்லாம் இருக்குப்பா."

"உனக்கு?"

மார்லிஸ் குனிந்து பார்த்தாள். அரைக்கை பனியன், காலில் தோல் செருப்பு. பின்னால் மூன்று பைகள். அவளுடையது என்று ஒரு கைக்குட்டைகூட எதிலும் இல்லை.

"எடுத்திருக்கேன்ப்பா."

"நல்ல பொண்ணு."

அதற்கப்புறம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வேட் பொம்மைக் காரைச் சீட்டில் உருட்டிக்கொண்டிருந்தான். ஆறு மணிக்குக் கர்ட்டிஸ், "போயிட்டார்" என்றான். நாற்பது நிமிஷம், நாற்பது நிமிஷம் என்று அவள் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் அடக்கம். பனி உருகி வாய்க்காலில் ஓடியது. வெயில் சுள்ளென்று அடித்தது. பனிபூட்ஸ் அவ்வளவும் காரிலேயே கிடக்க, குழந்தைகள் கல்லறைப் புல்லில் வெறுங்காலோடு நடந்தார்கள். மார்லிஸ், கர்ட்டிஸின் மனைவி கொடுத்த கறுப்புப் பாவாடைக்கு மேல், அப்பா வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கிய அவருடைய வேலைக் கோட்டைப் போட்டிருந்தாள். உள்ளே கம்பளி தைத்த முரட்டுக் கோட்டு. டீசல் வாடை அடித்தது. ஒரு பொத்தான் விடாமல் போட்டிருந்தாள். கைகள் விரல்களையும் தாண்டித் தொங்கின.

"வேர்த்துக் கொட்டுது பாரு," என்றான் கர்ட்டிஸ். "கழட்டித் தொலையேன்."

"வேணாம். இருக்கட்டும்."

பெட்டி இறங்கத் தொடங்கியது. டெஸ் அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கோட்டின் கையைப் பிடித்துக் கீழே இழுத்து, ஒரு மடிப்பு மடித்தாள். போதவில்லை. இன்னொன்று மடித்தாள்.