ஒப்பீட்டுக் குழு சிரித்தது

வலியை அளக்க உலகத்தில் எத்தனையோ கருவிகள் உண்டு. உடலியல் துறையில் இருந்தது ஒரு வாளி. அதில் தண்ணீர், தண்ணீரில் ஐஸ்கட்டி. தன்னார்வலர் மணிக்கட்டுவரை கையை விட வேண்டும். தாங்க முடியாதபோது எடுத்துவிடலாம். எவ்வளவு நேரம் தாங்கினார் என்று குறித்துக்கொள்வது ஆராய்ச்சி மாணவியின் வேலை.

"வலிக்குதான்னு கேக்கறதுக்கா இத்தனை வருஷமா படிக்கிற?" என்று அவளுடைய அம்மா ஃபோனில் கேட்டார். "உங்கப்பாகிட்ட நான் தினமும் கேட்டேன். எனக்கு யாரும் பட்டம் குடுக்கல."

"அது இல்லம்மா. அபின் மாதிரி ஒண்ணை நம்ம உடம்பே சுரக்குது. எண்டார்ஃபின்னு பேரு. நாலு பேரு சேந்து சிரிச்சா அது கூடும், வலி அவ்வளவா தெரியாது."

"சிரிச்சாப் போச்சு. அதுக்கு எதுக்குடி வாளி?"

வாளி எதற்கு என்றால், நிரூபிக்க. ஒரு குழுவுக்கு நகைச்சுவைக் காட்சிகள், பிறகு வாளி. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த இன்னொரு குழுவுக்குச் சிரிப்பே வராத ஏதாவது ஒன்று, பிறகு அதே வாளி. முதல் குழு அதிக நேரம் தாங்கினால் ஆய்வேடு நிற்கும். நிற்காவிட்டால், இந்த மாதக் கடைசியோடு அவளுடைய முனைவர் பட்டப் பதிவு காலாவதியாகும். வாளியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துணி ஊறவைக்கலாம்.

சிரிப்பும் சுவாரஸ்யமும் இல்லாத ஒன்றைத் தேடுவதுதான் கஷ்டமாக இருந்தது. தரையில் டைல்ஸ் பதிக்கும் முறை பற்றிய படத்தைப் போட்டுப் பார்த்தாள். பாதியில் நிறுத்த மனம் வரவில்லை. கடைசியில் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரே கைகொடுத்தார். நரம்பு மண்டலம் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவின் பதிவு துறையில் இருந்தது. அறையைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்த்தாள். முன்னுரை முடிவதற்குள் தூங்கிப்போனாள். விழித்ததும், இதுதான் என்று முடிவு செய்தாள்.

தன்னார்வலர்கள் அனைவரும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள், அதாவது அந்தப் பேராசிரியரிடம் தினமும் பாடம் கேட்பவர்கள். இதை அவள் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. 'அதாவது' இல்லாமல் அவருக்கு வாக்கியம் தொடங்காது. மாணவர்களிடையே அவருக்குப் பெயரே அதுதான்.

திரையில் அவர் முதல் 'அதாவது' சொன்னபோது ஒருவன் இருமினான். இரண்டாவதற்கு பெஞ்சு ஆடியது. மூன்றாவதற்கு ஒருத்தி துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். அப்புறம் அடக்க ஆளில்லை.

கீழ்த்தள ஆய்வகத்தில் வாளியோடு காத்திருந்த ஆராய்ச்சி மாணவிக்கு இது எதுவும் தெரியாது. ஆய்வக உதவியாளர்தான் முதலில் முணுமுணுத்தார்.

"மேடம், இவன் கையை எடுக்கவே மாட்டேங்கறான். ஐஸ் கரைஞ்சே போச்சு."

"தம்பி, வலிக்கலையா?"

"குளுகுளுன்னு இருக்குக்கா. கொஞ்ச நேரம் வெச்சுக்கறேன்."

அடுத்து வந்தவளும் அப்படியே. ஒப்பீட்டுக் குழு, நகைச்சுவைக் குழுவைத் தூக்கிச் சாப்பிட்டது. சொற்பொழிவு காட்டிய அறையின் கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்தபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

"ஏசி கூடுதலா இருந்துச்சு, கை மரத்துப்போச்சுன்னு எழுதிடுங்க மேடம்," என்றார் உதவியாளர். "ஏசி வந்து சாட்சி சொல்லப்போகுதா?"

அவள் பொய் எழுதவில்லை. நல்ல மனசு என்றெல்லாம் இல்லை. அந்த அறையில் ஏசியே கிடையாது.

பேராசிரியர் முடிவுகளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதாவது, ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன காட்டுனே?"

"உங்க சொற்பொழிவு சார்."

"அதை ஏன் எடுத்தே?"

முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும் என்பார்களே, அப்படி நின்றாள். சிரிப்பு வராது என்று எடுத்தேன் என்பது ஒரு பதில். சிரிப்பு வந்துவிட்டது என்பது இன்னொன்று. கையெழுத்துப் போட வேண்டியவரிடம் இரண்டையும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். மாணவர்கள் சிரித்த கேமராப் பதிவையும் காட்டினாள்.

அவர் கடைசிவரை பார்த்தார். முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை.

"அதாவது, நீ பாத்தப்ப சிரிச்சியா?"

"இல்ல சார். தூங்கிட்டேன்."

"தனியா பாத்தியா?"

"ஆமா சார்."

"அங்கதான் தப்பு. தனியா இருந்தா தூக்கம், கூட்டமா இருந்தா சிரிப்பு. உன் ஆய்வே அதைத்தானே சொல்லுது? படிச்சியா, இல்ல டைப் மட்டும் அடிச்சியா?" அவர் பேனாவை எடுத்தார். "பதிவை நீட்டிக்கச் சொல்லி எழுதித் தரேன். நடந்ததை நடந்தபடி எழுது. புதுசா ஒரு குழு பிடி. கல்லூரி முதல்வரோட ஆண்டறிக்கை வீடியோ இருக்கு, அதைப் போடு. சத்தியமா சிரிப்பு வராது. நான் முன் வரிசையில உக்காந்து…"

நிறுத்தினார். அன்று பக்கத்து நாற்காலியில் வேதியியல் துறைத்தலைவர் இருந்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சிரிப்பில் தோள் இரண்டு தடவை குலுங்கியது.

"ஒவ்வொருத்தரா உக்கார வெச்சுக் காட்டு," என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

மறுநாள் புதுக் குழு மாணவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய், ஆண்டறிக்கை பார்த்து, கொட்டாவியோடு வந்து வாளியில் கைவிட்டார்கள். விட்ட வேகத்தில் எடுத்தார்கள். ஒருவன் அலறினான். ஒருத்தி உதவியாளரைத் திட்டினாள். எல்லோருக்கும் நன்றாக வலித்தது.

இத்தனை வருடங்களில் ஆராய்ச்சி மாணவியை அவ்வளவு சந்தோஷமாக யாரும் பார்த்ததில்லை.