வார் சுற்றிய கை

இடது கை மட்டும் சட்டையை விட்டு வர மறுத்தது. செல்லம் கைப்பட்டியின் பித்தானைப் பிய்த்து எறிந்தாள். புருஷனே போய்விட்டான், பித்தானுக்கு என்ன பார்ப்பது?

"மெதுவாடி, வலிக்கப்..." என்று ஆரம்பித்த பக்கத்து வீட்டு ராக்கம்மா, சொல்லவந்ததை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆண் பிணத்தை ஆண்கள் குளிப்பாட்டுவதுதான் முறை. முறையைப் பார்க்க ஆண்கள் எங்கே இருக்கிறார்கள்? ரப்பர் தோட்டத்து ஆண்கள் அத்தனை பேரும், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் போலீஸ் காவலில் குந்தியிருந்தார்கள். விடியற்காலையில் காட்டிலிருந்து இறங்கிய கம்யூனிஸ்டுகள், காவல் கொட்டகையில் நின்றவர்களின் இரண்டு துப்பாக்கிகளையும் கொண்டுபோய்விட்டார்கள். காவலுக்கு நின்ற இருவரில் செல்லத்தின் புருஷன் இராஜமாணிக்கம் நெஞ்சில் குண்டு பாய்ந்து செத்தான். மற்றவன், செல்லத்தின் தம்பி தங்கராஜு, ஒரு கீறல் இல்லாமல் வந்தான்.

பிடுங்கினார்களா, இவர்களே கொடுத்தார்களா? போலீசுக்கு அதுதான் வேண்டியிருந்தது. தங்கராஜு சொல்லிவிட்டான்: "மாமாதான் குடுத்தாரு. என்னையும் குடுக்கச் சொன்னாரு. அப்புறம் என்னமோ சத்தம் போட்டாரு, சுட்டுட்டானுங்க."

கொடுத்தவனுடைய குடும்பம் தோட்டத்தில் இருக்கக் கூடாது. பொழுது சாய்வதற்குள் செல்லமும் மகளும் லாரி ஏற வேண்டும். எங்கே என்று யாரும் சொல்லவில்லை. கொடுத்த மனுஷன் எதற்குச் சத்தம் போட்டான்? காலையிலிருந்து இதையே புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள், தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சட்டைக் கை ஒருவழியாகக் கழன்றது. முழங்கைக்கு மேலிருந்து மணிக்கட்டு வரை, பட்டையாக, சுற்றிச் சுற்றித் தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"கயித்தால கட்டிப் போட்டானுங்களா பாவிங்க!" என்றாள் ராக்கம்மா.

கயிறு இல்லை. செல்லத்துக்குத் தெரியும். தோட்டக் காவலுக்கென்று அரசாங்கம் துப்பாக்கி கொடுத்த புதிதில், ரப்பர் பால் வாளிகளைத் தோளில் தூக்கும் காண்டாக் கம்பை வைத்துக்கொண்டு இந்த வீட்டுக்குள்ளேயே அவன் பழகினான். மரம் சீவும்போது எப்போதோ கத்தி பட்டு, இடது கட்டைவிரல் மடங்காமல் போயிருந்தது. கையை முன்னால் நீட்டித் தாங்கினால் கம்பின் நுனி தொங்கியது. விசைப் பக்கம் ஒடுக்கித் தாங்கினால் நுனி ஆடியது. கடைசியில் அவளுடைய பழைய சேலையைக் கிழித்து வார் மாதிரி கம்பில் கட்டி, அதைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டு கேட்டான், "இப்ப ஆடுதா பாரு."

"ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. இப்படியே புடிங்க."

"வாரைச் சுத்தாதே, அவசரத்துக்கு விட முடியாதுன்னு பழக்குறவன் கத்துறான்."

"அப்போ?"

"விடுறதுக்கா துப்பாக்கி குடுத்திருக்கானுங்க?" என்று சிரித்தான்.

அவன் கொடுக்கவில்லை. கையோடு சேர்த்து இழுத்திருக்கிறார்கள். செல்லத்துக்கு வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷம் வந்தது. அடுத்த மூச்சிலேயே இன்னொன்று தோன்றியது. அப்படியானால் கொடுத்தது யார்? காட்டுக்காரனுக்குத் துப்பாக்கி கொடுத்தால் தூக்கு என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். அம்மா போன பிறகு தன் இடுப்பிலேயே வளர்ந்த பயல். கடவுளே, யாரை விட்டு யாரைப் பிடிப்பது?

வாசலில் பூட்ஸ் சத்தம். "உள்ள வரலாமா தங்கச்சி?" என்றார் போலீஸ் சார்ஜன் மதார் மைதீன். அவருக்குப் பின்னால் தங்கராஜு, தட்டில் வெள்ளைச் சேலையோடு நின்றான். பிறந்த வீட்டுக் கோடி. அதைப் போட அவனை விட்டால் அவளுக்கு ஆள் கிடையாது.

"நேரமாச்சும்மா. சாமான் கட்டிக்க. லாரி வருது."

ராக்கம்மா அவசரமாகப் பிணத்தின் கைமேல் துண்டைப் போட்டாள். எதற்குப் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. செல்லம் துண்டின் ஓரத்தைப் பிடித்தாள். மூடவா, திறக்கவா? மூலையில் மகள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். தம்பியின் கண் துண்டைவிட்டு நகரவில்லை.

அவள் துண்டை எடுத்தாள்.

சார்ஜன் குனிந்து பார்த்தார். தொட்டுப் பார்த்தார். துப்பாக்கி வார் இறுகிய தடம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி," என்றாள் செல்லம். "விடமாட்டேன்னாரா, விட முடியலியா?"

தங்கராஜுவின் வாய் கோணியது. "தெரியலக்கா. இழுத்தானுங்க. வரல. மாமா கத்துனாரு. என்ன கத்துனாருன்னு கூட வெளங்கல. நான் என்னோடத குடுத்துட்டுத் தரையப் பாத்துக்கிட்டு நின்னேன்க்கா."

"நீ நிமிர்ந்து பாத்திருக்கலாமேடா," என்றாள்.

சார்ஜன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "தங்கச்சி நீ இரு. லாரி உனக்கில்ல," என்றார். பிறகு, "நட தம்பி."

தங்கராஜு நகரவில்லை. தட்டை என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவைப் பார்த்தான், சார்ஜனைப் பார்த்தான். சார்ஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செல்லம் தலையைக் குனிந்தாள்.

அவன் போட்ட சேலை ஒரு தோளில் மட்டும் விழுந்து சரிந்தது. சரிசெய்யக் கை நீட்டினான். அதற்குள் சார்ஜன் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். மறு தோளுக்குச் செல்லம் தானே இழுத்துவிட்டுக்கொண்டாள்.