செடிலுக்குச் சிரித்தவர்

என் கணவர் மயூரதன், குழந்தை வேண்டித் தூக்குக்காவடி எடுத்தவர். முதுகில் செடில் கொக்கிகளை மாட்டி, உழவு இயந்திரத்தில் தொங்கியபடி கோவிலுக்கு வந்து, இறங்கியதும் சோடா கேட்டவர். அதே மனிதர் நெல்லியடியில் அக்குபங்சர் வைத்தியரிடம், தலைமயிர் போன்ற ஊசியைக் கண்டதும் கட்டிலை விட்டு இறங்கிவிட்டார்.

“எனக்கு ஒரு குறையும் இல்லை. சாருஜாவுக்கு மட்டும் குத்துங்கோ,” என்றார்.

“பிள்ளை ரெண்டு பேருக்கும்தானே, தம்பி. சிகரெட்டையும் விடவேணும், கீரையும் சாப்பிடவேணும்,” என்றார் வைத்தியர் சிவகௌரி.

என் காலில் ஏற்கெனவே ஊசிகள் நின்றன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அண்டைக்குக் கொக்கி குத்தேக்கை சிரிச்சுக்கொண்டெல்லோ நிண்டனீங்கள்?”

“அங்கை மேளம் அடிச்சவங்கள்.”

போனில் தவில் சமா மேளத்தைச் சத்தமாகப் போட்டேன். அவர் கண்ணை மூடிக் குப்புறப் படுத்தார். ஊசிகள் இறங்கின. வெளியே காத்திருந்த யாரோ பழக்கதோஷத்தில் “அரோகரா” என்றார். என் பக்கம் திரும்பியிருந்த கணவரின் முகத்தில் அன்றைய அதே சிரிப்பு வந்தது.

கண்ணைத் திறக்காமலே மெதுவாகக் கேட்டார்:

“ஆராவது வீடியோ எடுக்கினமோ?”