வாய்தா கேட்டவள்

டிரைவிங் ஸ்கூல் அக்கா என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. தங்கையும் அவளுமாகச் சேர்ந்துதான் அதை ஆரம்பித்தார்கள். தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள், அக்கா ஆபீஸைப் பார்த்துக்கொண்டாள். லைசென்ஸ், வண்டிகள் எல்லாமே அக்கா பெயரில் மட்டும் இருந்தது தங்கைக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. “அப்புறம் சேத்துக்கலாம்னுதான் விட்டேன்” என்றாள் அக்கா. தங்கை நம்பவில்லை. வேறொரு ஸ்கூலில் தினச் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். பாதிப் பங்கு கேட்டு வழக்கும் போட்டாள்.

முதல் விசாரணைக்குப் போகும்போது அக்காவுக்கு ஆத்திரம்தான் இருந்தது. ஆனால் எதிர் பெஞ்சில் தங்கை வந்து உட்கார்ந்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. தங்கை புதுசாகக் கண்ணாடி போட்டிருந்தாள். எப்போது பார்வை குறைந்தது, யார் கூடப் போய் வாங்கினாள், ஒன்றும் அக்காவுக்குத் தெரியாது. வக்கீல்கள் பேசி முடிக்கிறவரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வாய்தா வாங்குவதே அவள் வேலையாகிவிட்டது. ஒரு தடவை கோர்ட்டுக்கே வந்து நின்று காய்ச்சல் என்றாள். இன்னொரு தடவை ஆடிட்டர் ஊரில் இல்லை என்றாள். கடைசியில், கணக்குப் புத்தகங்கள் மழையில் நனைந்து வீணாகிவிட்டன என்று சத்தியம் செய்து எழுதியே கொடுத்துவிட்டாள். புத்தகங்கள் பீரோவில் பத்திரமாக இருந்தன. கோர்ட்டுக்குப் போகிற அன்று மட்டும் நல்ல புடவையாகத் தேடி எடுத்துக் கட்டிக்கொள்வாள்.

பொய் எத்தனை நாள் நிற்கும்? நனைந்துபோனதாகச் சொன்ன அதே புத்தகங்களை அதற்குப் பிறகு அவள் வரி அலுவலகத்தில் காட்டியிருப்பதைத் தங்கையின் வக்கீல் கண்டுபிடித்துவிட்டார்.

“ஒவ்வொரு வாய்தாவுக்கும் என் கட்சிக்காரர் சம்பளத்தை விட்டுட்டு வர்றாங்கம்மா. போன வாரம் வேலையே போற மாதிரி ஆயிடுச்சு” என்று அவர் நீதிபதியிடம் சொன்னார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. அவள் ஆசை ஆசையாகக் காத்திருந்த ஒவ்வொரு நாளும் தங்கைக்குக் கூலியில்லாத நாள். இது ஏன் தனக்குத் தோன்றவே இல்லை?

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “நினைச்சப்போ வந்து உக்காந்துட்டுப் போக இது உங்க வீட்டுக் கூடம் இல்லம்மா” என்றார். பொய் சொன்னதற்கு அபராதம் போட்டார். வீணடித்த விசாரணைகளுக்காகத் தங்கையின் வக்கீல் கட்டணத்தையும் அக்காவே கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார். மேல்முறையீடு செய்யலாம் என்று காதைக் கடித்த தன் வக்கீலிடம், “வேண்டாம் சார். பாதிப் பங்கையும் எழுதிக் கொடுத்துடுங்க” என்றாள் அக்கா. அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

வெளியே வராந்தாவில் தங்கையே எதிரே வந்து நின்றாள்.

“எதுக்குக்கா இப்படி இழுத்தடிச்சே? குடுக்கறதா இருந்தா அன்னிக்கே குடுத்திருக்கலாமே?”

“கேஸ் முடிஞ்சிட்டா நீ வர மாட்டியே, வாலு.”

தங்கை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். “என்னைப் பாக்கணும்னா வீட்டுக்கு வர வேண்டியதுதானே?”

“வந்தா கதவைத் திறந்திருப்பியா?”

“மாட்டேன்” என்றாள் தங்கை. குரல் உடைந்தது. “ஆனா நீ வந்து தட்டியிருக்கணும்.”

அவ்வளவுதான். விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

கட்ட வேண்டியதை அக்கா மறுநாளே கட்டினாள். அந்த வாரக் கடைசியில் தங்கை வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரமும் போனாள். அன்று ரேடியோ சத்தம் நின்றது, காலடிச் சத்தம் கதவுவரை வந்தது.

“யாரு?” என்றாள் தங்கை, யாரென்று தெரிந்தே.

“நான்தான்டி.”

தாழ்ப்பாள் விலகவில்லை. காலடிச் சத்தம் திரும்பிப் போகவும் இல்லை. அக்கா கதவில் உள்ளங்கையை வைத்தபடி அங்கேயே நின்றாள்.