சித்திரைப் பாவாடை

பண்ணையாள் முறை ஒழிந்தது என்று தாசில்தார் ஜீப்பில் வந்து சொல்லிவிட்டுப் போன மறு சித்திரை. வருடத்தின் முதல் உழவான நல்லேர் பூட்டுவதற்கு முதல் நாள், செல்லப்பன் வீட்டு வாசலில் அவன் மகள் வேம்பு புதுச் சிவப்புப் பாவாடையில் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தாள்.

செல்லப்பன் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினான். "ஏது இது?"

"பண்ணைக் காரியக்காரரு ராசாங்கம் குடுத்தாரு," என்றாள் அவன் மனைவி ஆண்டாயி. "அவரே புள்ள இடுப்புல கட்டிவிட்டாரு."

"நீ பாத்துக்கிட்டு நின்ன?"

"அதான் எல்லாம் ஒழிஞ்சுபோச்சுன்னாங்கள்ல. துணி துணிதானேன்னு இருந்துட்டேன்."

அந்த ஊரில் சித்திரையில் பண்ணைத் துணி யார் இடுப்பில் ஏறுகிறதோ, அவர்கள் அந்த வருடம் முழுக்கப் பண்ணைக்கு ஆள். பேச்சு கிடையாது, எழுத்து கிடையாது. செல்லப்பன் இடுப்பிலும் சின்ன வயதில் அப்படித்தான் ஏறியது. இறங்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. நாளைக்குச் சர்க்கார் கொடுத்த மேட்டுக்காட்டில் அவன் சொந்த ஏர் ஓட்டப்போகிறான். அவனை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பிடிக்கிறார்கள்.

அழுத பிள்ளையிடமிருந்து பாவாடையை அவிழ்த்து, மடித்து எடுத்துக்கொண்டு மேலத்தெருவுக்குப் போனான். ராசாங்கம் பண்ணை வாசலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"என்னடா செல்லப்பா, அளவு சேரலையா?"

"வேணாங்க. புள்ள பள்ளிக்கூடம் போவுதுங்க."

"போவட்டும், யாரு வேணாம்னா? படியில வச்சுட்டுப் போ."

அவர் கோபப்படாததுதான் செல்லப்பனுக்குப் பயமாக இருந்தது.

விடியற்காலையில், மாடு தருவதாகச் சொல்லியிருந்த பங்காளி கருப்பண்ணன் வெறுங்கையோடு வந்தான். "மாட்டுக்குக் காலு நோவுதுண்ணே."

"ரெண்டுக்குமா?"

"ரெண்டுக்குந்தான்." முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

செல்லப்பன் மண்வெட்டியை எடுத்தான். வேம்பை வீட்டில் விட்டுப்போக ஆண்டாயிக்கு மனம் வரவில்லை, கூடவே கூட்டிக்கொண்டாள். மேட்டுக்காட்டு மண் இரும்பாக இறுகிக் கிடந்தது. கொஞ்சம் கொத்துவதற்குள் ராசாங்கம் இரண்டு ஆட்களோடு வரப்பில் வந்து நின்றார். ஒருவன் பீடி பற்றவைத்தான்.

"புள்ளையையும் கூட்டியாந்துட்டியா," என்றார் ராசாங்கம்.

"எங்ககூடத்தாங்க இருக்கும்."

"எத்தன நாளைக்கு?"

ஆண்டாயி பிள்ளையை இழுத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். செல்லப்பன் குனிந்து அடுத்த கொத்தைப் போட்டான். ராசாங்கமும் ஆட்களும் அவசரமில்லாமல் வரப்பில் உட்கார்ந்தார்கள்.